மூன்று எண்ணிய கை

1

தொழில்முறை மல்யுத்தத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுத எண்ணியிருக்கிறேன் என்று சொன்னபோது நண்பர்களிடமிருந்து இரண்டு கேள்விகள் வந்தன. அது முன்கூட்டியே பேசிவைத்து ஆடும் பொய்யாட்டம்தானே என்பது முதல் கேள்வி. பொய்யென்று தெரிந்த ஒன்றில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்பது இரண்டாவது. நாவலும் சிறுகதையும் படிப்பவர்கள், அவற்றைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் இப்படிக் கேட்டதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. புனைவு என்று தெரிந்தேதான் ஒரு நாவலைக் கையில் எடுக்கிறோம். ஆயினும் கடைசி அத்தியாயத்தை முடித்துவிட்டு, ஆசிரியர் ஏமாற்றிவிட்டார் என்று புத்தகத்தை வீசுவதும் உண்டு. நடக்காத ஒன்றை நடந்ததுபோல் சொன்னதற்காக அந்தக் கோபம் எழுவதில்லை. அப்படியானால் வேறு எதற்காக எழுகிறது?

இதற்கு விடை தேட, அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த வரலாற்றிலிருந்து ஓர் இரவை எடுத்துக்கொள்ளலாம். 1997 டிசம்பர் 28. வாஷிங்டன் நகரின் எம்.சி.ஐ. சென்டர் அரங்கில் டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனம் நடத்திய 'ஸ்டார்கேட்' என்னும் நிகழ்ச்சி. அந்நிறுவனத்தின் வரலாற்றிலேயே மிக அதிகமான வீடுகளில் பணம் கட்டிப் பார்க்கப்பட்ட நிகழ்ச்சி அதுதான். ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட இல்லங்கள் அதை வாங்கின. அந்நிறுவனத்தின் ரசிகர்களை மிக ஆழமாக ஏமாற்றிய நிகழ்ச்சியும் அதுவே என்பது என் கருத்து.

'பே பெர் வியூ' என்னும் முறையை இங்கே சற்று விளக்கியாக வேண்டும். 1990களில் கேபிள் இணைப்பு வந்தபின் மல்யுத்தம் பார்க்கத் தொடங்கிய நம் ஊர்க்காரர்களுக்கு அது பழக்கமில்லாத ஏற்பாடு. மாதச் சந்தாவில் அடங்காத ஒரு தனி நிகழ்ச்சிக்கு மட்டும் தனிக்கட்டணம் செலுத்தி, வீட்டிலிருந்தபடியே நேரலையில் பார்ப்பது அது. வாரந்தோறும் கட்டணமின்றிக் காட்டப்படும் நிகழ்ச்சிகளில் பகை வளரும், சவால்கள் விடப்படும், துரோகங்கள் நிகழும். தீர்ப்பைக் காண விரும்புகிறவர் பணம் கட்ட வேண்டும். வணிக மொழியில் அது ஒரு விற்பனை. கதை மொழியில் அது ஒரு வாக்குறுதி: இத்தனை நாள் பொறுத்தாய், இன்று முடிவைக் காட்டுகிறேன்.

ஸ்டார்கேட் இந்த ஏற்பாட்டின் மூத்த பிள்ளைகளில் ஒன்று. 1983 நவம்பர் 24 அன்று, நன்றி நவிலல் நாளில், வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் ஜிம் கிராக்கெட்டின் நிறுவனம் முதல் ஸ்டார்கேட்டை நடத்தியது. அன்று அது வேறு ஊர்களின் அரங்குகளில் கூடியவர்களுக்குத் திரையில் நேரடியாகக் காட்டப்பட்டது. கூண்டுக்குள் நடந்த இறுதி ஆட்டத்தில் ஹார்லி ரேஸை வென்று ரிக் ஃபிளேர் சாம்பியன் ஆனார். 1987இல் அது வீடுகளுக்கான கட்டணக் காட்சியாக மாறியது. 1988இல் டெட் டர்னர் கிராக்கெட்டின் நிறுவனத்தை வாங்கியபின் அது டபிள்யூ.சி.டபிள்யூ.வின் ஆண்டுப் பெருவிழாவாயிற்று. ஓராண்டின் கதைகளெல்லாம் வந்து முடியும் துறை அது என்றே ரசிகர்கள் கருதினர்.

2

மற்போர் என்றதும் தமிழ் மாணவனுக்கு நினைவுக்கு வருபவன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. ஆமூர் மல்லனோடு அவன் பொருததைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். வலியவன் வெல்வதும் மெலியவன் வீழ்வதுமான போர் அது. அமெரிக்காவிலும் தொழில்முறை மல்யுத்தம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன்னை அப்படிப்பட்ட போட்டியாகவே மக்கள்முன் நிறுத்தியது. அப்போதே பேசிவைத்த ஆட்டங்கள் இருந்தன என்றாலும், உண்மையான போட்டி என்னும் நம்பிக்கையே அதன் மூலதனம்.

அந்த நம்பிக்கைக்கு ஒரு பெரும் அடி 1911 செப்டம்பர் 4 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் மைதானத்தில் விழுந்தது. ஃபிராங்க் காட்ச் என்னும் அமெரிக்கரும் ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட் என்னும் ஐரோப்பிய மல்லரும் மோதினர். 1908இல் இருவரும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பொருதியவர்கள். இரண்டாம் சந்திப்பைக் காண ஏறத்தாழ 30,000 பேர் திரண்டனர். ஹாக்கன்ஷ்மிட் பயிற்சியின்போது முழங்காலில் காயம்பட்டவராக வந்தார். இரண்டு சுற்றுகளிலும் வீழ்ந்தார். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. கூட்டம் வெறுங்கையோடு திரும்பியது.

1920களில் எட் லூயிஸ், பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட் ஆகிய மூவர் கூடி இத்தொழிலை வேறு வகையில் அமைத்தனர். நேர வரம்பு, விறுவிறுப்பான பிடிகள், ஊர் ஊராகத் தொடரும் கதை, முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட வெற்றி தோல்வி ஆகியவை நிலைபெற்றன. போட்டி காட்சியாக மாறியது. ஆனால் மாறியதை வெளியே சொல்லக்கூடாது என்பது தொழில் மரபு. அம்மரபுக்கு மல்லர்களின் குழூஉக்குறி 'கேஃபேப்'. மேடையில் பகைவர்களாக இருப்பவர்கள் மேடைக்கு வெளியிலும் பகைவர்களாகவே நடந்துகொள்ள வேண்டும் என்பது அதன் விதி.

இதற்கு நேர்மாறான ஓர் ஏமாற்றம் 1976 ஜூன் 26 அன்று தோக்கியோவின் புடோக்கான் அரங்கில் நிகழ்ந்தது. குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியும் ஜப்பானிய மல்லர் அந்தோனியோ இனோக்கியும் மோதினர். பேசிவைத்த ஆட்டமாகும் என்று பலரும் எதிர்பார்த்த அது, உண்மையான மோதலாகவே முடிந்தது. கடைசி நேரத்தில் வகுக்கப்பட்ட விதிகள் இனோக்கியின் கைகளைக் கட்டிப்போட்டன. அவர் பதினைந்து சுற்றுகளிலும் பெரும்பாலான நேரம் தரையில் மல்லாந்து கிடந்து அலியின் கால்களை உதைத்தார். அலி விரல்விட்டு எண்ணத்தக்க குத்துகளையே விட்டார். முடிவு சமன். பார்வையாளர்கள் குப்பைகளை வீசினர். பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கூச்சலிட்டனர். அலியின் கால்கள் உண்மையாகவே புண்பட்டிருந்தன. ஆனால் அந்த உண்மையால் பார்த்தவர்களுக்கு ஒரு பயனும் இல்லை.

கடைசியாக 1989. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலச் செனட்டின் முன் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனமே தன் நிகழ்ச்சிகள் பொழுதுபோக்குக் காட்சிகள், உண்மைப் போட்டிகள் அல்ல என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடுகளிலிருந்தும் வரியிலிருந்தும் விலக்குப் பெறுவது அதன் நோக்கம். பல பத்தாண்டுகள் காத்த இரகசியம் ஒரு வரி விவகாரத்தில் வெளியேறியது. பார்வையாளர் கூட்டமோ கலையவில்லை. அடுத்த பத்தாண்டில்தான் மல்யுத்தம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தன் உச்சத்தை எட்டியது.

ஆக, 1997இல் ஸ்டார்கேட்டுக்குப் பணம் கட்டியவர்களில் பெரும்பாலோர் எல்லாம் தெரிந்தவர்கள். அவர்களைப் பொய்யால் ஏமாற்றியிருக்க முடியாது.

3

ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட 'மித்தலஜீஸ்' நூலின் முதல் கட்டுரையே மல்யுத்தம் பற்றியதுதான். மல்யுத்தம் விளையாட்டன்று, காட்சி என்கிறார் அவர். குத்துச்சண்டையில் பந்தயம் கட்டலாம். மல்யுத்தத்தில் கட்டுவது பொருளற்றது. துன்பம், தோல்வி, நீதி ஆகியவை எல்லோருக்கும் விளங்கும் வண்ணம் அங்கே உருப்பெறுகின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். பாரிசின் சிற்றரங்குகளைப் பார்த்து எழுதியது அது. தொலைக்காட்சியில் மாதக்கணக்கில் நீளும் தொடர்கதை அவர் முன் இருக்கவில்லை.

தொடர்கதையான மல்யுத்தத்தை விளங்கிக்கொள்ள எனக்குத் தொல்காப்பியமே அதிகம் உதவுகிறது. அகத்திணையியலில் தொல்காப்பியர் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டைச் சொல்கிறார். இரண்டும் சேர்ந்து அமைவது புலனெறி வழக்கம். அகப்பாடலில் வரும் தலைவனும் தலைவியும் உலகில் உள்ளவர்களைப் போன்றவர்களே. ஆனால் அவர்கள் சந்திக்கும் பொழுதும் இடமும், பேசும் முறையும், பெயர் சுட்டப்படாமையும் புலவர்கள் வகுத்துக்கொண்ட ஒழுங்குக்கு உட்பட்டவை. உலகியலிலிருந்து எதை எடுத்தாலும் நாடக வழக்கின் வாசல் வழியாகவே உள்ளே கொண்டுவர வேண்டும். அகப்பாடலுக்கென்று சொல்லப்பட்டதை மல்யுத்த மேடைக்குப் பொருத்துவது மரபாளர்களுக்கு உவப்பாக இராது என்பதை அறிவேன். எனினும் உடல் வலி, வியர்வை, மல்லர்களுக்கிடையிலான உண்மைப் போட்டி மனப்பான்மை, ஒப்பந்தப் பேரம் ஆகிய உலகியல் செய்திகள் யாவும் வீரனென்றும் கயவனென்றும் பாத்திரமாகி மேடையேறும் அந்த இடத்தைச் சுட்ட இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

தெருக்கூத்தில் விடிய விடிய உட்கார்ந்திருப்பவருக்குத் துரியோதனன் படுகளத்தில் வீழ்வான் என்பது தெரியும். தெரிந்ததனால் அவர் எழுந்து போய்விடுவதில்லை. எப்படி வீழ்கிறான் என்பதைப் பார்க்கவே காத்திருக்கிறார். விடியும் வேளையில் துரியோதனன் வீழாமல் நழுவிப்போனால், அன்றைய கூத்து முடியவில்லை என்றுதான் அவர் சொல்வார். 1997 டிசம்பரில் நிகழ்ந்தது ஏறத்தாழ அதுதான். அதை விளங்கிக்கொள்ள அதற்கு முந்தைய பதினெட்டு மாதக் கதை தெரிந்தாக வேண்டும்.

4

ஹல்க் ஹோகன் 1980களின் அமெரிக்க நாயகன். குழந்தைகளைப் பார்த்து நல்லொழுக்கம் பேசியவர். 1996 ஜூலை 7 அன்று ஃபுளோரிடாவின் டேட்டோனா பீச் நகரில் நடந்த நிகழ்ச்சியில் அவர் பக்கம் மாறினார். வெளியிலிருந்து படையெடுத்து வந்தவர்களாகக் காட்டப்பட்ட கெவின் நாஷ், ஸ்காட் ஹால் இருவருடன் சேர்ந்து 'நியூ வேர்ல்டு ஆர்டர்' என்னும் கும்பலை அமைத்தார். அன்று கூட்டம் மேடைக்குள் குப்பைகளை எறிந்தது. தோக்கியோவில் 1976இல் விழுந்தவையும் குப்பைகள்தாம். அங்கே அவை காட்சி தோற்றதன் அடையாளம். இங்கே காட்சி வென்றதன் அடையாளம். நாயகன் கயவனாவதை மக்கள் முழுமையாக ஏற்றுக்கொண்டதனால்தான் எறிந்தார்கள்.

ஆகஸ்டில் ஹோகன் சாம்பியன் பட்டத்தைக் கைப்பற்றினார். கும்பல் வாரந்தோறும் பெருகியது. அந்நிறுவனத்தின் மண்ணின் மைந்தராக எஞ்சியவர் ஸ்டிங். 1988 மார்ச்சில் இதே கிரீன்ஸ்பரோவில் ரிக் ஃபிளேருடன் நாற்பத்தைந்து நிமிடம் சமனாகப் பொருதி ஒரே இரவில் புகழ்பெற்றவர். 1990இல் அதே ஃபிளேரை வென்று சாம்பியன் ஆனவர். 1996 செப்டம்பரில் கும்பல் அவரைப் போலவே வேடமிட்ட ஒருவனை அனுப்பியது. சக மல்லர்கள் ஸ்டிங் கட்சி மாறிவிட்டதாக நம்பினர். தம்மை நம்பாதவர்களுக்கு முதுகு காட்டி அவர் வெளியேறினார்.

திரும்பி வந்தபோது அவர் வேறொருவராக இருந்தார். 1994இல் வெளிவந்த 'தி குரோ' திரைப்படத்தின் நாயகனைப் போல் வெள்ளையும் கறுப்புமாக முகத்தில் சாயம், நீண்ட கறுப்பு அங்கி, கையில் பேஸ்பால் மட்டை. அரங்கின் கூரைச் சட்டங்களில் தனியாக நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். 1997 மார்ச்சில் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி ஹோகனின் ஆட்களை அடித்துப்போட்டார். ஏறத்தாழ பதினைந்து மாதங்கள் தொலைக்காட்சியில் ஒரு போட்டியிலும் ஆடவில்லை. வாய் திறந்து பேசியதும் அரிது. நிறுவனத்தின் சார்பில் ஜே.ஜே. டில்லன் வேறு வேறு மல்லர்களுடன் மோத ஒப்பந்தங்களை நீட்டினார். ஹோகனின் பெயர் இல்லாத ஒப்பந்தங்கள் யாவற்றையும் ஸ்டிங் நிராகரித்தார்.

தொழில்முறை மல்யுத்தத்தில் இவ்வளவு நீண்ட மௌனத்தை யாரும் அதற்கு முன் துணிந்து கையாண்டதாகத் தெரியவில்லை. காட்டாமல் வைத்திருப்பதன் வலிமையை உணர்ந்த கதை அது. அதே காலத்தில் டபிள்யூ.சி.டபிள்யூ.வின் திங்கட்கிழமை நிகழ்ச்சியான 'நைட்ரோ', போட்டி நிறுவனத்தின் 'ரா' நிகழ்ச்சியைப் பார்வையாளர் எண்ணிக்கையில் தொடர்ந்து 83 வாரங்கள் வென்றது. அந்த வெற்றிக்கு ஸ்டிங்கின் மௌனமும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

5

டிசம்பர் 28 இரவு முழுவதையும் பழிப்பது நியாயமாகாது. எட்டி கெரேரோவும் டீன் மலெங்கோவும் ஆடிய தொடக்க ஆட்டம் நேர்த்தியானது. ஆனால் மற்றவற்றைக் கவனியுங்கள். ஹோகன் தரப்பினர் சில ஆட்டங்களில் வென்றனர், சிலவற்றில் தோற்றனர். ஜயண்டுக்கும் கெவின் நாஷுக்கும் இடையே அறிவிக்கப்பட்டிருந்த மோதல் நடக்கவே இல்லை; நாஷ் வரவில்லை, ஸ்காட் ஹால் வந்து அதை அறிவித்தார். பணம் வாங்கியபின் முதல் வாக்குத் தவறல் அது.

இறுதி ஆட்டத்துக்கு ஸ்டிங் கூரையிலிருந்து இறங்கவில்லை. எல்லோரையும் போல நுழைவாயிலிலிருந்து நடந்து வந்தார். மணி அடித்ததும் பதினைந்து மாதச் சினம் வெடிக்கும் என்று காத்திருந்தவர்கள் கண்டது, ஹோகன் நிதானமாக ஆட்டத்தைத் தன் கையில் வைத்திருந்ததைத்தான். பத்து நிமிடங்கள் கடந்தன. ஹோகன் தமக்கே உரிய கால் வீச்சை ஸ்டிங்கின் கழுத்தில் இறக்கி, அவர்மீது படுத்தார். நடுவர் நிக் பாட்ரிக் தரையில் கையை அடித்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று.

கதைத் திட்டம் என்ன என்பது பின்னால் நடந்தவற்றிலிருந்து தெளிவாகிறது. பாட்ரிக் முன்பு ஹோகனின் கும்பலைச் சேர்ந்த நடுவராகக் காட்டப்பட்டவர். அவர் அநியாயமாக விரைந்து எண்ண வேண்டும். ஸ்டிங்கின் தோல்வி திருட்டுத்தனமாக நிகழ வேண்டும். அப்போது பிரெட் ஹார்ட் வந்து அதைத் தடுக்க வேண்டும்.

பிரெட் ஹார்ட் ஏன்? ஏழு வாரங்களுக்கு முன், 1997 நவம்பர் 9 அன்று, மாண்ட்ரியால் நகரில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நடத்திய நிகழ்ச்சியில் அவர் உண்மையாகவே ஏமாற்றப்பட்டிருந்தார். நிறுவனத்தை விட்டு டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குச் செல்லவிருந்த அவருக்குத் தெரியாமல், ஷான் மைக்கேல்ஸின் பிடியில் அவர் தோல்வியை ஒப்புக்கொள்ளாதபோதே, உரிமையாளர் வின்ஸ் மெக்மான் மணியை அடிக்கச் செய்து பட்டத்தைப் பறித்தார். அந்த உலகியல் அநீதியை மல்யுத்த ரசிகர்கள் அனைவரும் அறிவர். எனவே மணி அடிப்பவரைத் தடுத்து, இன்னொரு முறை இப்படி நடக்க விடமாட்டேன் என்று பிரெட் ஹார்ட் முழங்கினால் அரங்கம் அதிரும் என்று கணக்கிட்டனர்.

அவர் வந்தார், தடுத்தார், முழங்கினார். ஆனால் பாட்ரிக் விரைந்து எண்ணவில்லை. வழக்கமான வேகத்தில்தான் எண்ணினார். கண்ணுள்ளவர் எவரும் கண்டது இதுவே: ஹோகன் ஸ்டிங்கை முறையாக வென்றார்.

பிறகு பிரெட் ஹார்ட் பாட்ரிக்கை அடித்து வீழ்த்தித் தாமே நடுவரானார். வெளியேறிக்கொண்டிருந்த ஹோகன் மீண்டும் மேடைக்குள் தள்ளப்பட்டார். ஸ்டிங் தம் தேள்பிடியைப் போட, ஹோகன் தோல்வியை ஒப்புக்கொண்டார். டபிள்யூ.சி.டபிள்யூ. மல்லர்கள் உள்ளே ஓடிவந்து கொண்டாடினர். மொத்தம் ஏறத்தாழ பதின்மூன்று நிமிடங்கள்.

6

இந்தக் காட்சியை வெறும் பிரதியாகப் படித்துப் பாருங்கள். குற்றம் நிகழவில்லை, குற்றத்துக்கான தண்டனை மட்டும் நிகழ்ந்தது. கயவன் நேர்மையாக வென்றான். நீதிமான் ஒரு நேர்மையான நடுவரை அடித்தான். நாயகன், தோற்றுவிட்ட போட்டியைத் தனக்கு இணக்கமான வேறொரு நடுவரைக் கொண்டு மீண்டும் நடத்தி வென்றான். பதினெட்டு மாதங்களாக அறத்தின் பக்கம் நின்றவனை ஒரே நிமிடத்தில் சலுகை பெற்றவனாக மாற்றிவிட்டனர். பட்டம் அவன் தோளில் ஏறியது; அதைப் பெறும் உரிமை ஏறவில்லை.

கை சற்று விரைந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா என்று சிலர் கேட்பார்கள். பிழை சிறிதாகியிருக்கும் என்பதற்கு மேல் நான் சொல்லமாட்டேன். இத்தனை நீண்ட கதைக்குத் துணைப்பாத்திரம் ஒன்றின் தலையீடு எதற்கு? ஸ்டிங்கின் பகை ஹோகனோடு. பிரெட் ஹார்ட்டின் துயரம் வேறு ஊரில், வேறு நிறுவனத்தில், வேறு மனிதரால் நேர்ந்தது. அதை அதன் முழு வலியோடும் வளர்த்தெடுக்க ஒரு தனிக்கதை தேவை. இன்னொருவர் கதையின் உச்சத்தில் அதை ஒட்டுப்போட்டதால் இரண்டும் கெட்டன. ஸ்டிங் கூரையிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் ஹோகனை வீழ்த்தியிருக்க வேண்டும். அரங்கம் எழுந்து நின்றிருக்கும். அந்த எளிய முடிவைத்தான் ஒவ்வொரு ரசிகரும் தம் மனத்தில் எழுதிவைத்திருந்தார். எளிமை என்பதாலேயே அது கைவிடப்பட்டதோ என்று ஐயுறுகிறேன்.

அந்த மூன்று எண்ணிக்கைக்குப் பின்னாளில் பல விளக்கங்கள் வந்தன. ஹோகனின் ஒப்பந்தத்தில் தம் பாத்திரத்தின் போக்கைத் தாமே முடிவு செய்யும் அதிகாரம் இருந்தது. நிறுவனத்தை நடத்திய எரிக் பிஷாஃப், ஸ்டிங் உடலளவிலும் மனத்தளவிலும் ஆயத்தமாக வரவில்லை என்று சொன்னார். அக்காலத்தில் தம் சொந்த வாழ்க்கை சீராக இருக்கவில்லை என்பதை ஸ்டிங்கும் மறைக்கவில்லை. யார் சொல்லி அந்தக் கை அந்த வேகத்தில் எண்ணியது என்பதற்கு ஒன்றோடொன்று முரண்படும் கூற்றுகள் உள்ளன.

இவற்றுள் எது மெய் என்று ஆராய்வது ரசிகர்களின் விருப்பமான பொழுதுபோக்கு. எனக்கு முக்கியமாகப்படுவது வேறு. இந்த விளக்கங்கள் யாவும் உலகியலைச் சேர்ந்தவை: ஒப்பந்தம், செல்வாக்கு, உடல்நிலை, அச்சம். மல்யுத்தத்துக்குள் உலகியல் நுழைவதில் தவறில்லை. அது நாடக வழக்காக மாறி நுழைய வேண்டும். ஹோகனின் செல்வாக்கு அவர் பாத்திரத்தின் ஆணவமாக மாறியிருந்த வரையில் கதை செழித்தது. அந்த இரவில் அது மாறாமல், அப்பட்டமாக, ஒப்பந்தத் தாளாகவே மேடையேறியது. பார்த்தவர் தாம் கண்டதைப் புரிந்துகொள்ளத் திரைக்குப் பின்னால் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று விசாரிக்க வேண்டியதாயிற்று. ஒரு கதையின் முடிவு விளங்குவதற்கு ஆசிரியரின் குடும்பத் தகராறு தெரிந்திருக்க வேண்டும் என்றால், அக்கதையை நாம் என்னவென்று சொல்வோம்?

வணிக நோக்கில் ஒரு மறுப்பு உண்டு. தெளிவான முடிவு தந்துவிட்டால் அடுத்த மாதம் எதை விற்பது? குழப்பமான முடிவு மறுபோட்டியை விற்கும். உண்மைதான், விற்றார்கள். மறுநாளே பால்டிமோரில் மறுபோட்டி வைத்து, முடிவு தெரியும் முன் ஒளிபரப்பு நேரம் தீர்ந்துபோகும்படி செய்தார்கள். 1998 ஜனவரி 8 அன்று பட்டம் யாருக்கும் உரியதன்று என்று அறிவித்துப் பறித்தார்கள். பிப்ரவரி 22 அன்று சான் பிரான்சிஸ்கோவை அடுத்த கௌ பேலஸ் அரங்கில் ஸ்டிங் மீண்டும் ஹோகனை வென்றார். ஏப்ரல் 19 அன்று டென்வரில் ராண்டி சாவேஜிடம் பட்டத்தை இழந்தார். அதற்கு ஆறு நாள் முன்பு, ஏப்ரல் 13 அன்று, 'ரா' நிகழ்ச்சி 'நைட்ரோ'வை முந்தியிருந்தது.

ஒரே இரவில் ஒரு நிறுவனம் வீழ்ந்தது என்று எழுதுவது சுவையாக இருக்கும். ஆனால் அது வரலாறாகாது. 1998 முழுவதும் டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குக் கூட்டம் வந்தது. அவ்வாண்டு ஜூலை 6 அன்று அட்லாண்டாவின் ஜார்ஜியா டோமில் கோல்ட்பெர்க் ஹோகனை நேராக வென்றபோது எழுந்த ஆரவாரம், எளிய முடிவை அவர்களால் தர முடியும் என்பதற்குச் சான்று. வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் காத்திருந்தால் பலன் கிடைக்கும் என்று பார்வையாளர் கொண்டிருந்த நம்பிக்கையில் முதல் விரிசல் 1997 டிசம்பர் 28 அன்று விழுந்தது என்று சொல்ல முடியும். 2001 மார்ச்சில் போட்டி நிறுவனமே டபிள்யூ.சி.டபிள்யூ.வை வாங்கியது. மார்ச் 26 அன்று ஒளிபரப்பான கடைசி நைட்ரோவின் இறுதி ஆட்டத்தில் ஸ்டிங்கும் ஃபிளேரும் மோதினர். ஸ்டிங் தேள்பிடியில் வென்றார். அதற்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

7

என் வகுப்பில் ஒரு மாணவர், பொய் என்று தெரிந்தும் அதற்காக வருத்தப்படுவது சிறுபிள்ளைத்தனம் இல்லையா என்று ஒருமுறை கேட்டார். கதை கேட்பவர் கொடுப்பது நம்பிக்கையை மட்டுமன்று, காலத்தையும் கொடுக்கிறார் என்று பதில் சொன்னேன். பதினைந்து மாதங்கள், திங்கள்தோறும், கூரையில் நின்ற ஓர் உருவத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் கொடுத்த காலம் உண்மையானது. அதில் பொய் ஏதுமில்லை. அந்தக் காலத்துக்கு ஈடாக எதைத் தருவது என்பதுதான் கதைசொல்லியின் அறம். கட்டிய பணத்தை ஒருவேளை திருப்பித் தரலாம். காத்திருந்த காலத்தை எப்படித் திருப்பித் தருவது? தொடர்கதை எழுதுவோர் யாவருக்கும் இது பொருந்தும்.

2024 மார்ச் 3 அன்று, அறுபத்து நான்கு வயதில், ஸ்டிங் தம் கடைசி ஆட்டத்தை ஆடினார். வேறொரு நிறுவனம், வேறொரு தலைமுறைப் பார்வையாளர்கள். ஊர் மட்டும் அதே கிரீன்ஸ்பரோ. விடைபெறும் மல்லர் தோற்றுவிட்டுப் போவது இத்தொழிலின் மரபு. அன்று அவரைத் தோற்கவிடவில்லை; இளைய கூட்டாளி டார்பி ஆலினுடன் சேர்ந்து வென்று விடைபெற்றார். எல்லோரும் எதிர்பார்த்த, எளிமையான முடிவு. கூட்டம் எழுந்து நின்று அழுதது. 2025 ஜூலை 24 அன்று ஹோகன் காலமானார். இனி அந்தப் பகைக்கு மறுபோட்டி இல்லை.

ஸ்டார்கேட் 1997இன் பதிவை இன்றும் பார்க்க முடிகிறது. நான் சில முறை பார்த்திருக்கிறேன். ஸ்டிங் நடந்து வரும்போது, முடிவு தெரிந்திருந்தும், மனம் ஒரு கணம் எழுகிறது. அந்த அளவுக்கு அந்தப் பதினைந்து மாத மௌனம் இன்னும் வலிமையோடு இருக்கிறது. பிறகு ஹோகன் காலை வீசுகிறார். ஒவ்வொரு முறையும் அந்தக் கை அதே நிதானத்தோடு தரையில் மூன்று முறை விழுகிறது.